சுட்ட கறியில் கசியும் சிவப்பு நீர் இரத்தமா? ஒரு தாயின் கேள்வியும் டெக்சாஸ் அடுப்பும்



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் வேலை பார்க்கும் தன் மகன் அனுப்பிய காணொளி ஒன்றை நமது மஹல்லாவைச் சேர்ந்த தாய் ஒருவர் எனக்கு அனுப்பிவைத்தார். வீட்டுக் கொல்லையில் கரி அடுப்பு. அதன்மேல் கையளவு பருமனில், பாய் சுருட்டியது போல் சுருட்டி நூலால் கட்டிய ஒரு மாட்டுக்கறித் துண்டு. மகன் அதை இறக்கிக் கத்தியால் வில்லை வில்லையாக வெட்டுகிறார். உள்ளே பச்சை மிளகாயும் சீஸும் வட்டமாகச் சுற்றித் தெரிகின்றன. பலகையில் சிவப்பாக நீர் கசிகிறது.

அந்தத் தாய் கேட்டது ஒரே கேள்விதான். "ஹஜ்ரத், என் பிள்ளை இரத்தத்தைச் சாப்பிடுகிறானா?"

அன்று நான் ஜனாஸா ஒன்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சந்தேகமானதை விட்டுவிட்டுச் சந்தேகமற்றதை எடுத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நினைவூட்டி, "சந்தேகமாக இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் அதை "ஹஜ்ரத் ஹராம் என்று சொல்லிவிட்டார்" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் குடும்பத்தை விருந்துக்கு அழைத்திருந்த அந்தத் தம்பி, விருந்தையே நிறுத்திவிட்டார். அதன்பின் எனக்கே போன் செய்தார்.

"ஹஜ்ரத், கறி ஹலால் கடையில் வாங்கியது. அடுப்பு என்னுடையது. நீங்கள் சொன்ன சந்தேகம் எதில் இருக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. ஒரு பொருள் இன்னதென்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது மதரஸாவில் நாங்கள் படித்த பாடம். அந்தப் பாடத்தை நான் அன்று மறந்துவிட்டேன். எனவே அந்தத் தம்பியிடம் செய்முறையைக் கேட்டு, அவர் சொன்னதைத் தேடிப் படித்து, உரிய இடங்களில் கிதாபுகளையும் புரட்டி இதை எழுதுகிறேன். வெளிநாடுகளில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

சுட்ட கறி நமக்குப் புதிதல்ல

நெருப்பில் வாட்டிய கறி மேலைநாட்டு நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். இப்ராஹீம் (அலை) அவர்களிடம் அறிமுகமில்லாத விருந்தினர்கள் வந்தபோது, அவர் தாமதிக்காமல் பொரித்த கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து வைத்தார் என்று அல்குர்ஆன் (11:69) கூறுகிறது. அங்கே வரும் 'ஹனீத்' என்ற சொல்லுக்குச் சூடேற்றிய கற்களில் வைத்துச் சுட்டது என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள். ஏமன் நாட்டில் இன்றும் ஹனீத் என்ற பெயரிலேயே ஒரு கறி உணவு இருக்கிறது. விருந்தினர் யார், எந்த ஊர் என்று தெரியாத நிலையிலேயே நபி ஒருவர் சுட்ட கறியால் அவர்களை உபசரித்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்பி வருவோம்.

அந்தத் தம்பி சுட்டது மாட்டின் அடிவயிற்றுப் பக்கத்திலிருந்து எடுக்கும் தட்டையான சதை. அமெரிக்காவில் இதை 'ஃப்ளாங்க் ஸ்டீக்' என்பார்கள். முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை இருக்கும். கொழுப்பு குறைவு, சுவை அதிகம். ஆனால் நீளவாக்கில் கயிறு கயிறாக நார் ஓடும். வெட்டத் தெரியாமல் வெட்டினால் ரப்பரைக் கடிப்பது போல் இருக்கும்.

மெல்லிய, நார் மிகுந்த சதையைத் தட்டி விரித்து, உள்ளே எதையாவது வைத்துச் சுருட்டிச் சமைப்பது பல நாடுகளில் இருக்கும் பழக்கம். இத்தாலியர்கள் 'பிரச்சோலே' என்று செய்கிறார்கள். ஜெர்மானியர்கள் 'ரூலாடன்' என்று செய்கிறார்கள். அர்ஜென்டினாவில் விலா எலும்புக்கும் தோலுக்கும் இடையிலுள்ள மெல்லிய சதையில் முட்டையும் காய்கறியும் வைத்துச் சுருட்டுவார்கள். அதற்கு 'மதாம்ப்ரே' என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'பசியைக் கொல்வது' என்று பொருள். மெக்சிகோவை ஒட்டிய டெக்சாஸ், நியூ மெக்சிகோ பகுதிகளில் இதற்குள் சுட்ட மிளகாய் வைக்கிறார்கள்.

மிளகாயின் கதை

அந்த மிளகாய்க்கு 'பொப்லானோ' என்று பெயர். மெக்சிகோவின் புவெப்லா மாநிலத்தின் பெயரால் வந்தது. கரும்பச்சை நிறம், அகன்ற தோள், கூரிய நுனி. காரம் மிகக் குறைவு. மிளகாயின் காரத்தை அளக்க வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் 1912-ல் ஓர் அளவுகோலை உருவாக்கினார். அதன்படி குடைமிளகாய்க்கு 0. பொப்லானோவுக்குச் சுமார் 1,000 முதல் 2,000 வரை. ஹாலப்பேனோ மிளகாய்க்கு 2,500 முதல் 8,000 வரை. காய்ந்த மிளகாய்த் தூளுக்குப் பயன்படும் கெய்ன் வகைக்கு 30,000-க்கும் மேல். எனவே காணொளியில் ஒரு கை நிறைய மிளகாயை உள்ளே அடுக்கியதைப் பார்த்து அந்தத் தாய் பதறத் தேவையில்லை. நம் ஆணத்தில் போடும் நான்கு பச்சை மிளகாய்க்கு அது ஈடாகாது.

பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் ஹாட்ச் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கு விளையும் நீளப் பச்சை மிளகாய் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அறுவடையாகிறது. அந்த நாட்களில் கடை வாசலிலேயே, கம்பி வலையால் ஆன பெரிய உருளையில் மிளகாயைக் கொட்டி, எரிவாயுச் சுடரின்மேல் சுழற்றிச் சுட்டு, மூட்டையாகக் கட்டித் தருவார்கள். டெக்சாஸ் கடைகளிலும் அந்தப் பருவத்தில் இந்த வாசனை வீசும்.

இந்த மிளகாய் நமக்கும் உறவுதான். மெக்சிகோ மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்த மிளகாய், 1492-ல் கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகுதான் ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது. 1498-ல் போர்ச்சுகீசியர்கள் கோழிக்கோடு வந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அவர்கள் வழியாக மிளகாய் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் தந்தவை மிளகு, திப்பிலி, இஞ்சி ஆகியவையே. கொலம்பஸ் மிளகைத் தேடிப் புறப்பட்டவர். கண்ட காரத்துக்கு மிளகின் பெயரையே அவர்கள் சூட்டினார்கள். தமிழிலும் அதுவே நடந்தது. மிளகு போல் காரமான காய், மிளகாய். அரபியிலும் மிளகுக்கும் மிளகாய்க்கும் 'ஃபில்ஃபில்' என்ற ஒரே சொல்தான் புழங்குகிறது. மிளகு வணிகத்தில் கப்பலோட்டிய நம் முன்னோர்களில் பலர் மிளகாயைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

காரம் என்பது உண்மையில் நாக்கின் சுவையல்ல. சூட்டை உணரும் நரம்பு வாயில்களை மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள் தட்டித் திறந்துவிடுகிறது. 'சுடுகிறது' என்று மூளை நம்பிவிடுகிறது. இந்த வாயிலைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பொருள் விதையில் உருவாவதில்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் உருவாகிறது. காரத்தைக் குறைக்க விரும்பினால் அந்த வெள்ளைப் பகுதியைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

மிளகாயைச் சுடுவது எப்படி? நேரடி நெருப்பில் வைத்து, எல்லாப் பக்கமும் தோல் கருகிக் கொப்புளிக்கும் வரை திருப்ப வேண்டும். பிறகு ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி 10 முதல் 15 நிமிடம் வைத்தால், அதன் ஆவியிலேயே தோல் கழன்றுவிடும். குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவக்கூடாது. சுட்ட மணம் நீரோடு போய்விடும். கையாலேயே உரித்து, ஒட்டியிருக்கும் சில கரிய துணுக்குகளை அப்படியே விடலாம்.

ஓர் எச்சரிக்கை. மிளகாய் உரித்த கையோடு ஒளுச் செய்யப் போகாதீர்கள். அந்தத் தம்பி அஸருக்கு அப்படிப் போய், முகம் கழுவியதும் கண்ணீரோடு தொழுததாகச் சொன்னார். "பார்த்தவர்கள் எனக்கு அவ்வளவு இறையச்சம் என்று நினைத்திருப்பார்கள் ஹஜ்ரத்" என்றார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. முதலில் கையில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கையுறை போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

கசிவது இரத்தமா?

இனி தாயின் கேள்விக்கு வருவோம்.

இரத்தம் ஹராம் என்பதில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை (அல்குர்ஆன் 2:173, 5:3). ஆனால் அல்அன்ஆம் அத்தியாயத்தில் (6:145) இறைவன் அதை 'ஓடும் இரத்தம்' என்று வரையறுத்துச் சொல்கிறான். அறுக்கும்போது கழுத்து நாளங்களிலிருந்து பீறிட்டு வெளியேறுவதே அது. இஸ்லாமிய முறையில் தொண்டையையும் நாளங்களையும் அறுத்து இரத்தத்தை வடியவிடுவதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று.

அறுத்து வடிந்த பிறகு சதைக்குள்ளும் மெல்லிய நரம்புகளிலும் தங்கிவிடும் மிச்சம் வேறு. அது தூய்மையானதே என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலைபாடு. அது அசுத்தமே ஆனாலும் தவிர்க்க இயலாதது என்பதால் மன்னிக்கப்பட்டது, கறியை உண்ணத் தடையில்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் விளக்கம். பாதை இரண்டு, முடிவு ஒன்று. பானையில் கறி கொதிக்கும்போது மேலே எழும்பும் இரத்த நிறத்தை ஆயிஷா (ரலி) அவர்கள் குற்றமாகக் கருதவில்லை என்றும் தஃப்ஸீர்களில் பதிவாகியுள்ளது. அதுவும் ஹராம் என்றிருந்தால், ஒவ்வொரு நரம்பையும் தேடிப் பிடுங்கும் சிரமத்தில் இந்த உம்மத் மாட்டியிருக்கும்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. வெட்டிய கறியில் கசியும் சிவப்பு நீரில் பெரும்பகுதி இரத்தமே அல்ல. அது சதைக்குள் இருக்கும் தண்ணீர். அதற்குச் சிவப்பு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோகுளோபின். சதைக்குள் அதைச் சேமித்து வைப்பது மயோகுளோபின். அதிகம் உழைக்கும் தசையில் இது அதிகம். அதனால்தான் மாட்டுக்கறி சிவப்பாகவும் கோழியின் நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் இருக்கின்றன. இரண்டிலும் இரத்தம் வடிக்கப்பட்டிருந்தாலும் நிறம் வேறுபடுவதற்கு இதுவே காரணம். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மயோகுளோபின் உருமாறத் தொடங்குகிறது. மேலும் சூடேறச் சிவப்பு மங்கிப் பழுப்பாகிறது.

ஆகவே, அம்மா, உங்கள் மகன் இரத்தத்தைச் சாப்பிடவில்லை. நான் அவசரத்தில் சொன்ன 'சந்தேகம்' இந்த இடத்தில் பொருந்தாது.

ஆனால் தாயின் பயத்தில் ஓர் உண்மை உண்டு

இத்தோடு முடித்துவிட்டால் பாதி பதில்தான் சொன்னதாகும். மார்க்கத்தின்படி தடையில்லை என்றாலும், சுருட்டிய கறி உள்ளே சிவப்பாக இருப்பது உடல்நலத்துக்குச் சரியல்ல. காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

முழுத் துண்டாக இருக்கும் கறியில் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் வெளிப்பரப்பில்தான் இருக்கும். நெருப்பில் வாட்டும்போது வெளிப்பரப்பு நன்றாகச் சுடப்படுவதால் அவை அழிந்துவிடும். அதனால்தான் அமெரிக்க வேளாண்துறை, முழுத் துண்டு மாட்டுக்கறிக்கு உள்சூடு 63 டிகிரி செல்சியஸும் அதன்பின் 3 நிமிட ஓய்வும் போதும் என்கிறது. கைமாவில் வெளிப்பரப்பு முழுதும் உள்ளே கலந்துவிடுகிறது. எனவே அதற்கு 71 டிகிரி. உள்ளே பூரணம் வைத்த கறிக்கு 74 டிகிரி.

சுருட்டும்போது என்ன நடக்கிறது? நேற்றுவரை வெளிப்பரப்பாக இருந்தது இன்று சுருளின் நடுவே போய்விடுகிறது. கத்தியும் பலகையும் கையும் பட்ட பக்கம் உள்ளே இருக்கிறது. அதோடு சீஸும் மிளகாயும் சேர்ந்துவிட்டன. தட்டையான ஸ்டீக்குக்குச் சரியான பக்குவம் சுருட்டிய ஸ்டீக்குக்குச் சரியாகாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் சாப்பிடும் வீட்டில் இதில் சமரசம் கூடாது.

"கறி வெந்திருக்கா?" என்று கேட்பது தாய்மார்களின் வழக்கம். அந்தத் தாய் காரணத்தைத் தவறாகச் சொன்னார். கவலைப்பட்டது சரியான இடத்தில்தான்.

செய்யும் முறை

ஆறு பேருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஃப்ளாங்க் ஸ்டீக், மூன்று பொப்லானோ மிளகாய், 150 கிராம் சீஸ், ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு கைப்பிடி மல்லித்தழை, ஒரு தேக்கரண்டி சீரகத்தூள், மிளகுத்தூள், உப்பு, ஓர் எலுமிச்சை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். வெங்காயத்தையும் பூண்டையும் முதலில் லேசாக வதக்கிக்கொள்ளுங்கள். பச்சைப் பூண்டு, வெங்காயம் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வர வேண்டாம் என்ற நபிமொழியும், சாப்பிடுபவர்கள் சமைத்து அதன் வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என்ற உமர் (ரலி) அவர்களின் அறிவுரையும் முஸ்லிம் நூலில் உள்ளன.

கறியைப் பலகையில் நார் இடமிருந்து வலமாக ஓடும்படி வையுங்கள். கத்தியைப் பலகைக்கு இணையாகப் படுக்கவைத்து, உங்கள் பக்கத்து விளிம்பிலிருந்து நடுவாகக் கீறிக்கொண்டே போங்கள். எதிர் விளிம்பை எட்டுவதற்கு ஒரு விரல் அகலம் முன்பே நிறுத்திவிட்டு, புத்தகம் போல் விரியுங்கள். தடித்த இடங்களைத் தட்டி ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சமப்படுத்துங்கள்.

உப்பு, மிளகு, சீரகம் தூவி, உரித்த மிளகாயை விரித்து அடுக்கி, வதக்கிய வெங்காயம், மல்லித்தழை, சீஸ் ஆகியவற்றைப் பரப்புங்கள். ஓரங்களில் இரண்டு சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள். இல்லாவிட்டால் சீஸ் உருகி நெருப்பில் விழுந்து தீ எழும்பும். உங்கள் பக்கத்து விளிம்பிலிருந்து முன்னோக்கி இறுக்கமாகச் சுருட்டுங்கள். இப்போது நார் சுருளின் நீளத்துக்கு ஓடும். பிறகு வில்லையாக வெட்டும்போது கத்தி நாரின் குறுக்கே போகும். நீள நார் துண்டு துண்டாகிக் கறி பஞ்சாகிவிடும். இந்த உணவின் சூட்சுமமே இதுதான். மாற்றிச் சுருட்டினால் எவ்வளவு நேரம் சுட்டாலும் கடிக்க முடியாது.

பருத்தி நூலால் மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு கட்டுப் போடுங்கள். நைலான் நூல் உருகிவிடும், அது வேண்டாம். வெளியே எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவுங்கள்.

அடுப்பில் கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள். முதலில் கனலின் நேர்மேலே வைத்துத் திருப்பித் திருப்பி எட்டுப் பத்து நிமிடம் சுட்டால் வெளிப்புறம் நிறம் ஏறும். பிறகு காலிப் பக்கத்துக்கு நகர்த்தி மூடிவிடுங்கள். நேர் நெருப்பிலேயே விட்டால் வெளியே கரியாகும்போது உள்ளே பச்சையாக இருக்கும். ஏறத்தாழ 30 முதல் 40 நிமிடம் ஆகலாம். கடிகாரத்தை நம்பாமல், குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை நடுவில் செலுத்தி 74 டிகிரி வந்ததும் இறக்குங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டால் சாறு சதைக்குள் அடங்கும். நூலை அறுத்து எடுத்துவிட்டு, விரற்கடை கனத்தில் வெட்டுங்கள். பச்சைக்கறி வைத்த தட்டில் சுட்ட கறியை வைக்க வேண்டாம். கரியாகத் தீய்ந்த பகுதியைச் சுரண்டி எறிந்துவிடுங்கள். அதில் உடலுக்குக் கேடான பொருட்கள் உருவாகின்றன.

உண்மையாகவே கவனிக்க வேண்டியவை

இரத்தம் என்று பயந்த இடத்தில் பிரச்சினை இல்லை. பிரச்சினை வரக்கூடிய இடங்கள் வேறு.

ஒன்று, கறி. வேதக்காரர்களின் உணவு ஆகுமானது என்று அல்குர்ஆன் (5:5) கூறுகிறது. ஆனால் இன்றைய அமெரிக்க அறுப்புக்கூடங்களில் அறுப்பவர் யார், எப்படி அறுக்கிறார் என்று தெரியாத நிலையில், சூப்பர் மார்க்கெட் கறிக்கு அந்த அனுமதி பொருந்துமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம்பகமான ஹலால் கடை கிடைக்கும் ஊரில் அங்கேயே வாங்குவதுதான் பேணுதல். ஹூஸ்டனில் அத்தகைய கடைகள் உண்டு. அதே சமயம், முஸ்லிம் கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதில்லை. புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்கள் கொண்டுவரும் கறியில் இறைவனின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லையே எனக் கேட்டவர்களிடம், நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள் (புகாரீ).

இரண்டு, பூரணம். இந்த உணவின் பல செய்முறைகளில் பன்றி இறைச்சியின் உப்பிட்ட துண்டுகளை உள்ளே வைக்கச் சொல்வார்கள். கறியை ஊறவைக்க ஒயின் சேர்ப்பதும் உண்டு. "கொதித்தால் ஆல்கஹால் ஆவியாகிவிடும்" என்ற வாதம் நமக்குப் பயன்படாது. மது நம் இரு மத்ஹபுகளிலும் நஜீஸ். அது பட்ட உணவே அசுத்தமாகிவிடுகிறது. வினிகர் அப்படியல்ல, நபி (ஸல்) அவர்கள் அதை நல்ல தொடுகறி என்று புகழ்ந்துள்ளார்கள். ஒயினிலிருந்து எடுத்த வினிகரை ஹனஃபீகள் அனுமதிக்கிறார்கள். எதுவும் சேர்க்காமல் தானாக மாறியிருந்தால் மட்டுமே ஷாஃபிஈகள் அனுமதிக்கிறார்கள். எலுமிச்சை இருக்கும்போது இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. சீஸில், பாலை உறையவைக்கும் ரென்னெட் எதிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். தாவரம் அல்லது நுண்ணுயிர் மூலம் என்று உறையில் இருந்தால் எந்த மத்ஹபிலும் சிக்கல் இல்லை.

மூன்று, அடுப்பு. பிறர் வீட்டு விருந்தில், பன்றி சுட்ட அதே கம்பியில் நம் கறியையும் வைப்பார்கள். வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு கிடைத்தால் அவற்றைத் தவிருங்கள், கிடைக்காவிட்டால் கழுவிப் பயன்படுத்துங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (புகாரீ, முஸ்லிம்). பன்றி பட்டதை மண் கலந்த நீரால் ஒருமுறை உட்பட ஏழு முறை கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். இதற்கெல்லாம் எளிய வழி, நமக்கென்று ஒரு கம்பி வலையைக் கையோடு கொண்டுபோவது. சில டாலர்தான் விலை. "என் மார்க்கத்தில் இப்படி" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

நம் வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் நம்மூரில் கிடைக்கும் மாட்டுக்கறி பெரும்பாலும் முதிர்ந்த விலங்குடையது. அந்த அடிவயிற்றுச் சதை வெறும் நெருப்பில் மெத்தென்று ஆகாது. அரைத்த பப்பாளிக்காயை ஒரு தேக்கரண்டி தடவி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கு மேல் ஊறினால் குழைந்துவிடும். அல்லது சுருட்டிக் கட்டிய பிறகு, கொஞ்சம் தண்ணீரும் இஞ்சி பூண்டும் சேர்த்து மூடிய சட்டியில் மெல்லிய தீயில் நன்றாக வேகவைத்துவிட்டு, கடைசியில் கரி அடுப்பில் காட்டி எடுங்கள். பொப்லானோவுக்குப் பதில் பஜ்ஜி மிளகாய் மிகப் பொருத்தம். குடைமிளகாயும் ஆகும். கேஸ் அடுப்புச் சுடரிலேயே சுடலாம். ஹஜ்ஜுப் பெருநாளில் கறிக்கடை பாயிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்தச் சதையைத் துண்டு போடாமல் முழுதாக எடுத்துத் தருவார்.

அண்டை வீட்டாரின் பங்கு

இரண்டு வாரம் கழித்து அந்தத் தம்பிக்கு நானே போன் செய்து, என் பதில் அவசரத்தில் சொன்னது என்றேன். பக்கத்து வீட்டாரை மறுபடி அழைக்கும்படியும் கேட்டுக்கொண்டேன். குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள் என்பது அபூ தர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் செய்த உபதேசம் (முஸ்லிம்). அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று திர்மிதீயில் இருக்கிறது. இப்ராஹீம் (அலை) அவர்களும் யாரென்று கேட்ட பின்பு கன்றை அறுக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் ஒரு தட்டுக் கறி, அந்த ஊர் மக்கள் இஸ்லாத்தைப் பற்றி அறியும் முதல் அறிமுகமாகவும் இருக்கலாம். ஹராமைத் தடுக்க வேண்டியது நம் கடமை. அதே அளவு கடமை, ஹலாலை நம் அறியாமையால் ஹராமாக்கிவிடாமல் இருப்பது. மார்க்கம் கேட்டு வருபவரிடம் "எங்கே வாங்கினீர்கள்? எதில் சமைத்தீர்கள்? உள்ளே என்ன வைத்தீர்கள்?" என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்பதை நான் இந்தச் சம்பவத்தில் மறுபடி கற்றுக்கொண்டேன். கேட்பவர்களும் ஆலிம்களிடம் பாதி விவரத்தோடு வராமல் முழு விவரத்தோடு வாருங்கள்.

விருந்து நடந்தது. அன்றிரவு அந்தத் தாய் எனக்கு ஒரு படம் அனுப்பினார். மேசையில் இரண்டு குடும்பங்கள், நடுவே வில்லையாக வெட்டிய கறி. இம்முறை உள்ளே சிவப்பு இல்லை. பக்கத்தில் தெர்மாமீட்டர் 75 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: "வெந்துடுச்சு ஹஜ்ரத்."

அல்லாஹ் நமக்குத் தூய்மையான உணவையும், அதைப் பகிர்ந்துண்ணும் மனதையும் தந்தருள்வானாக. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.